உப்பளமும் புள்ளினமும்

கல்லூரி மாணவர்க்கு விடுமுறை நாளைப்போல் இனிய நாள் பிறிதொன்றில்லை. வாரம் முழுதும் வகுப்பறைச் சுவர்களுக்குள் அடங்கியிருந்த உள்ளம், சனிக்கிழமை புலர்ந்ததும் சாலையையும் சோலையையும் நாடி ஓடுதல் இயல்பே. அவ்வியல்பைக் குறை கூற யாம் புகவில்லை. ஆயினும், நண்பர் குழாத்தோடு ஓரிடத்திற்குச் செல்லும்பொழுது, அவ்விடத்தில் வாழ்வார்க்கும் அங்கு உறைகின்ற உயிர்களுக்கும் யாம் யாவர்? விருந்தினரா, அன்றி அழையாது புகுந்தவரா? இவ்வினாவை எம் உள்ளத்தே விதைத்தவர் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் மூதாட்டியார் ஒருவர். சென்ற தைத் திங்களில் நிகழ்ந்த அதனை உள்ளவாறு கூறி, அதனால் எமக்குத் தோன்றிய கருத்தையும் இம்மலரைப் படிப்போர் முன் வைக்க விரும்புகின்றோம்.

எம் விடுதி நண்பர் அறுவர் ஒருங்கு கூடி, காட்டுயிர்க் காப்பிடம் ஒன்றைக் காணல் வேண்டும் எனத் தீர்மானித்தோம். முதலில் எல்லோரும் கூறிய பெயர் முதுமலை. 1940-ஆம் ஆண்டிலேயே காப்பிடமாக்கப்பட்ட அக்காட்டில் யானையும் புலியும் உண்டு. ஆனால் இரண்டு நாள் விடுமுறையும் எம் கைப்பொருளும் அதற்குப் போதா. அப்பொழுது விலங்கியல் வகுப்பைச் சார்ந்த நண்பர் ஒருவர், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை அடுத்துள்ள கழுவெளிக்குப் போகலாமே என்றார். “யானையும் இல்லை, புலியும் இல்லை, மரமே அரிது; அதுவும் ஒரு சரணாலயமா?” என்று மற்றொருவர் நகைத்தார். யாமும் உடன் நகைத்தோம். ஆயினும் வேறு வழியின்மையால், சனிக்கிழமை விடியுமுன் பேருந்தேறிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புறப்பட்டோம்.

மரக்காணம் புதியதோர் ஊரன்று. சிறுபாணாற்றுப்படையிற் பேசப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். ஊர் நடுவிலுள்ள பூமீசுவரர் கோயிலிற் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாகவே வெட்டிக்கொண்டு வரப்பட்ட பக்கிங்காம் கால்வாய் தென்முனையில் வந்து முடிவதும் இவ்விடத்தேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இக்கால்வாய் வழியே சென்னை சென்றன. இன்று படகுப் போக்குவரவு ஓய்ந்துவிட்டது, உப்பு ஓயவில்லை. சாலையின் இருமருங்கும் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைத்தாற்போற் பரந்து கிடக்கின்றன.

இவ்வளங்களுக்கு அப்பால் தென்மேற்கே விரிந்திருப்பது கழுவெளி. மழைக்காலத்திற் சுற்றுப்புறத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் இதனுள் வந்து தங்கும். கோடையில் அந்நீர் வற்ற, இடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடல்நீர் ஓடை ஏறி உள்ளே புகும். ஆகவே இந்நீர் மார்கழியில் ஒரு சுவை, பங்குனியில் வேறு சுவை. நன்னீர் விரும்பும் உயிரும் உவர்நீர் விரும்பும் உயிரும் தத்தம் பருவத்தே இங்கு உணவு பெறுதற்கு இதுவே காரணம். நடு ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் வான்வழியில் இஃதொரு தங்கல். இதன் அருமை கருதித் தமிழக அரசு 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரிற் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் 2024-இல் இது சேர்க்கப்பட்டது. யாம் நகைத்த இடத்தின் பெருமை இவ்வளவினது.

யாம் சென்ற காலம் தை மாதத்து முற்பகுதி. மழை ஓய்ந்து, உப்பளங்களைப் புதுப்பிக்கும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்தது. தேங்கிய மழைநீரை இறைத்து, கரைந்த வரப்புகளை உயர்த்தி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குதல் வேண்டும். தரை இறுகாவிடில் நீர் கீழே கசியும். உப்பிலும் சேறு கலக்கும். தரை பதமானபின் உவர்நீரை முதற் பாத்தியில் நிறுத்தி, வெயிலில் வற்றவிட்டு, அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் மாற்றிக்கொண்டே செல்வர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளே உள. அந்நீர் தன் அளவிற் பத்திலொரு பங்காகச் சுண்டிய பிறகே சமையலுப்புப் படியத் தொடங்கும். அதற்கு முன்னரே சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியிற் படிந்துவிடும்; உப்பு வாரியபின் எஞ்சும் நீரிற் கசப்புடைய மக்னீசிய உப்புகள் நிற்பதால் அதனை வடித்துவிடுவர். எம்முள் வேதியியல் பயிலும் இருவர் இருந்தனர். இவ்வளவும் அவர்கள் பாடநூலிற் படித்தவையே. பாத்தியின் அருகில் நின்று பார்க்கும்வரை அதன் பொருளை அறிந்திலோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டனர்.

பறவைகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. சரணாலயத்தின் எல்லைக்குப் புறத்தே, உப்பளத்தின் முதற் பாத்திகளிலேயே அவை இருந்தன. சிவந்த நெடிய கால்களையுடைய நெடுங்கால் உள்ளான்கள் முழங்கால் ஆழ நீரில் நடை பயின்றன. தொலைவிற் பூநாரைகள் சில தலைகீழாக அலகு கவிழ்த்து நீரை அரித்துக்கொண்டிருந்தன. வரப்போரச் சேற்றில் நூற்றுக்கணக்கிற் சிட்டுக்குருவியளவே உள்ள கொசு உள்ளான்கள் இரை பொறுக்கின. அவற்றுள் ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிராம் மட்டுமே. வடதுருவத்தை அடுத்த பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் அச்சிற்றுயிர், பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து இவ்வுவர்ச் சேற்றை நாடி வருகின்றது. நீர் ஓரளவு கரிக்கும் பாத்திகளில் மீன் அருகி, உவர்நீர்ச் சிற்றிறாலும் பூச்சிப் புழுவும் பெருகுவதே அதற்குக் காரணம். ஆகவே உப்புத் தொழிலாளி தனக்கென வெட்டிய பாத்தி, அவன் அறிந்தோ அறியாமலோ, பறவைக்கும் உணவுக் கலமாகின்றது.

இனி யாம் செய்த பிழையைக் கூறுவோம். கூட்டம் கூட்டமாக இருந்த அப்புட்களைக் கண்டதும், அவை யாவும் ஒருங்கே எழுந்து பறக்கும் காட்சியைக் கைப்பேசியிற் படம் பிடிக்கும் ஆவல் எமக்கு எழுந்தது. ஒருவர் கை தட்டினார், மற்றொருவர் கூவினார், மூவர் வரப்பை விட்டிறங்கிப் பாத்தியின் குறுக்கே ஓடினோம். பறவைகள் எழுந்தன. படமும் நன்றாகவே வந்தது. ஆனால் எம் பின்னே, பதமாகி ஏறக்குறைய முடிந்துபோன தரையில், எம் காலணிகளின் தடம் ஆழப் பதிந்து, சேறு கிளர்ந்து கிடந்தது.

அடுத்த பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர் எம்மிடம் வந்தார். சினந்து பேசுவார் என எதிர்பார்த்தோம், அவர் சினந்திலர். தரையை ஒருமுறை பார்த்து, வானத்தை ஒருமுறை பார்த்து, “தம்பிங்களா, இது வெறுந்தரை இல்ல, நாளெல்லாம் மிதிச்சுப் பதமாக்கின தரை. பறவையப் பாக்கத்தானே வந்தீங்க? இப்ப பறவையும் இல்ல, தரையும் இல்ல” என்றார். எம்முள் ஒருவர் தலை குனிந்து, “அம்மா, தெரியாமற் செய்துவிட்டோம். நாங்களே மிதித்துச் சரி செய்துவிடலாமா?” என்றார். “நீங்க மிதிச்சா இன்னுங் கெடும். இனிமே வரப்பு மேலயே வாங்க, அது போதும்” என்று கூறி, எம் முகவாட்டத்தைக் கண்டோ என்னவோ, தம் குடத்திலிருந்து குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். உவர் நிலத்தின் நடுவே அக்குடநீர் எவ்வளவு தொலைவிலிருந்து சுமந்து வரப்பட்டதென்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

அன்று மாலை வரையில் யாம் அவ்வரப்பிலேயே அமர்ந்து அவரிடமும் அவருடன் வேலை செய்தாரிடமும் பேசிக்கொண்டிருந்தோம். எப்பறவை ஐப்பசியில் வரும், எப்பறவை சித்திரை வெயில் முற்றுமுன் போய்விடும், எந்தப் பாத்தியில் எது மேயும் என்பன எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. எம் நண்பர் கொண்டுவந்த படநூலிற் பெயர் தேடிக்கொண்டிருந்த பறவையை அவர்கள் நடையைக் கண்டே இனம் பிரித்தனர். மற்றொன்றும் அறிந்தோம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் அளத்தில் வேலை இராது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தபொழுது இவ்வளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. எந்த மழை கழுவெளியை நிரப்பிப் பறவைகளை அழைக்கின்றதோ, அந்த மழையே இவர்கள் அடுப்பை அணைக்கின்றது. அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர்க்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. அஃது உதவியே, எனினும் வேலைக்கு ஈடாகாது.

இந்நிகழ்ச்சியால் எமக்குத் தோன்றிய கருத்து இதுவே: சரணாலயம் என்பது பெயர்ப்பலகையோடு முடிவதன்று; ஆதலால் அங்குச் செல்வோரின் பொறுப்பும் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குவதன்று. சட்டம் ஓர் எல்லையை வகுத்தல் இன்றியமையாதது. கழுவெளியைச் சுற்றி இறாற் பண்ணைகள் பெருகியதும், சீமைக்கருவேல் படர்ந்ததும், கள்ளவேட்டை நடந்ததும் நினைவிற் கொண்டால், அவ்வெல்லை வேண்டாவென்று யாரும் கூறார். ஆனால் பறவை எல்லைக் கல்லைப் பார்த்து இறங்குவதில்லை. இரவிற் கழுவெளியில் தங்குவது பகலில் உப்பளத்தில் மேய்கின்றது. எனவே அதனைக் காப்பார் வனத்துறையினர் மட்டுமல்லர். கல்லெறியாமலும் கண்ணி வையாமலும் தம் பாத்தியில் அதனை மேயவிடும் தொழிலாளரும் காவலரே. அவர்தம் தரையைக் கெடுத்துவிட்டுப் பறவையிடம் அன்பு காட்டுதல் இயலாது.

மக்களே காவலராதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என முறையிட்டு, 1798-இலேயே அந்நாளைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூட்டிலிருக்கும் குஞ்சுகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அச்சிற்றூர்ச் சிறுவர்கள் ஆண்டிற்கொருமுறை வரும் வெடியைத் துறக்கின்றனர். பட்டம் பெறப்போகும் யாமோ ஒரு படத்திற்காகக் கை தட்டினோம். இஃதன்றோ நாணத்தக்கது! நெய்தல் திணையின் கருப்பொருளை வரிசையாக எழுதித் தமிழ்த் தேர்வில் மதிப்பெண் பெற்றவர்களே, அந்நெய்தல் நிலத்தைக் காலணியால் மிதித்தோம்.

கை தட்டியதனால் என்ன கேடு, பறவை மீண்டும் வந்து அமராதோ எனச் சிலர் வினவலாம். அமரும், ஆனால் விலை கொடுத்து அமரும். நெடும்பயணம் செல்லும் புள் தன் உடலிற் சேர்க்கும் கொழுப்பே அதன் வழிச்செலவு. ஒவ்வொரு முறை வீணே எழுந்து பறக்கும்பொழுதும் அச்செல்வத்தில் ஒரு பகுதி கரைகின்றது. மேயும் நேரமும் குறைகின்றது. ஒரு குழுவினர் ஒருமுறை செய்தால் அது சிறிது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு குழுவினரும் செய்வாராயின், பங்குனியில் வடக்கே புறப்படும் பறவை, வழியில் எங்கேனும் ஆற்றலிழந்து வீழ நேரும். அதனை நாம் காணப்போவதில்லை. அதனாலேயே அது நம் பிழையன்று என எண்ணுகின்றோம்.

இன்னொரு சாரார், “இளைஞர் இரண்டு நாள் மகிழ்ந்திருக்கச் செல்கின்றனர், அங்கும் பாடமும் ஒழுங்கும் வேண்டுமோ?” என்பர். இதற்கு எம் ஞாயிற்றுக்கிழமை அனுபவமே விடை. மறுநாள் விடியற்காலையில் மூதாட்டியார் காட்டிய வரப்பில் வரிசையாக அமர்ந்து, கைப்பேசியைப் பையிலிட்டு, பேசாதிருந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒவ்வொன்றாகக் கொசு உள்ளான்கள் எம்மை நோக்கி வரத் தொடங்கின. ஞாயிறு எழுந்தபொழுது எம் காலடியிலிருந்து பத்தடித் தொலைவில் நூற்றுக்கு மேற்பட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் மெல்லிய குரலும், அலகு சேற்றைத் தொடும் ஒலியும் எமக்குக் கேட்டன. முதல் நாளின் கூச்சலிற் பெற்ற இன்பம் கைப்பேசியில் உள்ளது. இரண்டாம் நாளின் மௌனத்திற் பெற்ற இன்பம் எம் உள்ளத்தில் உள்ளது. புலி இல்லாத காப்பிடமா என்று நகைத்த நண்பரே, புறப்படும் நேரம் வந்தபொழுது எழ மனமின்றி இறுதியாக எழுந்தார்.

ஆகவே நம் கல்லூரியார்க்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். இத்தகைய இடங்களுக்குப் பேருந்து நிறைய ஒருங்கே செல்லாது, பத்துப் பேருக்கு மிகாத சிறு குழுக்களாகச் செல்லல் வேண்டும். ஒலிபெருக்கியையும் பறக்கும் ட்ரோன் படக்கருவியையும் விடுதியிலேயே விட்டுச் செல்லல் வேண்டும். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். வனத்துறையினரின் அனுமதியும் அவர்தம் அறிவுரையும் பெற்றே உட்புகுதல் வேண்டும்.

இவையெல்லாம் ஒழுக்கத்தைச் சார்ந்தவை. இனிக் கூறுவது கல்வியைச் சார்ந்தது. நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெற்று வருகின்றது. நம் விலங்கியல் துறையும் தமிழ்த் துறையும் கூடி, ஆண்டுதோறும் தை மாதத்து ஒரே வாரத்தில் மாணவர் சிலரை மரக்காணத்திற்கு அனுப்பி, கண்ட பறவைகளின் எண்ணிக்கையையும், அவற்றிற்கு அவ்வூரார் வழங்கும் பெயர்களையும் குறித்து இம்மலரிலேயே வெளியிடலாகாதா? ஓராண்டுக் கணக்கு ஒரு செய்தி மட்டுமே. இருபதாண்டுக் கணக்கோ, ஈரநிலம் ஒன்றின் உடல்நிலையைக் காட்டும் சான்றாகும். மாணவர் மூன்றாண்டில் மாறிப் போவர். கல்லூரி நிலைத்து நிற்கும். நிலைத்து நிற்பதொன்றே இத்தொண்டைச் செய்யவல்லது. பழைய மாணவர்களிற் பலர் இன்று பல துறைகளில் உயர்நிலையில் உள்ளனர். ஒரு நல்ல தொலைநோக்கியும் வழிச்செலவும் அளித்து இதற்கு உதவுதல் அவர்களுக்கு அரிதன்று.

இறுதியாக ஒன்று. அம்மாணவர்க்கு வழிகாட்டிகளாக உப்பளத்தாரையே அமர்த்தி, அன்றைய கூலிக்குக் குறையாத ஊதியம் அளித்தல் வேண்டும். இரக்கம் பற்றி யாம் இதனைக் கூறவில்லை. அறிவுடையாரிடம் கற்போர் அதற்குரியது தருதல் முறை. பறவையால் தமக்கும் ஒரு பயனுண்டு என அவர்கள் காணும் நாளில், வேடந்தாங்கலில் நிகழ்ந்தது மரக்காணத்திலும் நிகழும்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் முன்னோர் மொழி. நம் விடுதிச் சாப்பாட்டில் நாள்தோறும் கரையும் உப்பு இத்தகைய கடற்கரையொன்றில், எவரோ ஒருவர் காலால் மிதித்துப் பதமாக்கிய தரையில் விளைந்ததுதான். வருகின்ற தைத் திங்களில் யாம் மீண்டும் மரக்காணம் செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விரும்பும் நண்பர்கள் முன்னதாகவே தெரிவிக்கலாம். நிபந்தனை ஒன்றே: வரப்பை விட்டிறங்கலாகாது.